அத்தியாயம் 6: லீவு சொன்னாயிற்று, யாருக்கு?

அம்பத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். காலை பத்தரை மணி. சரக்கு ஏற்றிய லாரி கேட்டுக்கு உள்ளேயே நிற்கிறது, இ-வே பில் இன்னும் கைக்கு வரவில்லை. டெஸ்பாட்ச்காரர் அக்கவுண்ட்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். மணி அடிக்கிறதே தவிர எடுக்க ஆளில்லை. கடைசியில் அந்தப் பக்கமாகப் போன யாரோ எடுத்து, "அக்கா இன்னிக்கு லீவுண்ணா, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்.

யார்மேல் குற்றம் சொல்வது? அந்த அக்கா போன வாரமே மேனேஜரிடம் லீவு கேட்டுவிட்டார். மேனேஜரும் சரி என்றார். எச்.ஆர். மென்பொருளில் 'அப்ரூவ்டு' என்று பச்சை எழுத்தில் வந்தாயிற்று. எல்லோரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். லாரிதான் நகரவில்லை.

லீவு கேட்பதும் கொடுப்பதும் இரண்டு பேர் சமாச்சாரம். ஆள் இல்லை என்ற தகவல் அந்த ஆளின் வேலைக்காகக் காத்திருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. முதலாவதற்குப் படிவம், மென்பொருள், சட்டம் எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு, எப்படியும் காதில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் உண்டு.

சட்டத்தையே பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை, அதுபோக எல்லோருக்கும் நோய்க்கு 12 நாள் வரை, தற்செயல் விடுப்பாக 12 நாள் வரை என்று கணக்குச் சொல்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஈட்டிய விடுப்பை 15 நாளுக்கு முன்பே மேலாளரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னது. நோய் என்றால் அந்தக் கெடு வேண்டாம் என்று விலக்கும் வைத்தது. இரண்டிலும் இருப்பது தொழிலாளியும் நிர்வாகமும்தான். பக்கத்து மேஜைக்காரரைப் பற்றி எந்தச் சட்டமும் கவலைப்படவில்லை. அவரைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

யார் தேடுவார்கள்?

நிறுவன வரைபடத்தைப் பார்த்து இந்தப் பட்டியலைப் போட்டால் தப்பாகத்தான் வரும். வரைபடத்தில் அக்கவுண்ட்ஸ் ஒரு கிளை, டெஸ்பாட்ச் வேறு கிளை. நடைமுறையில் ஒருவர் கை அசையாமல் மற்றவர் கை அசையாது. அதனால் ஒவ்வொருவரிடமும் நேரிலேயே கேளுங்கள்: "நாளைக்கு நீங்க வரலைன்னா, மதியத்துக்குள்ள யார் யார் உங்களைத் தேடுவாங்க?" முதலில் "என்னை யாரு சார் தேடப் போறாங்க" என்று சிரிப்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். பாதிப் பெயர்கள் வேறு துறையில் இருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டிய பட்டியல்.

இந்தப் பட்டியலில் எப்போதும் விடுபடும் சிலர் இருக்கிறார்கள். கம்பெனி வேன் டிரைவர், வராத ஆளுக்காக ஸ்டாப்பிங்கில் நின்று, அந்தத் தாமதத்தை வேனில் இருக்கிற எல்லோர் தலையிலும் கட்டுகிறார். கேன்டீன்காரருக்குச் சாப்பாட்டு எண்ணிக்கை தெரிய வேண்டும். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று செக்யூரிட்டிக்குத் தெரிய வேண்டும். இவர்கள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை, எச்.ஆர். மென்பொருளில் இவர்களுக்குக் கணக்கும் கிடையாது. ஆனால் காலையில் முதலில் காத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

உற்பத்தித் தளத்தில் கதை இன்னும் கறாரானது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு லைனில் பேட்லாக் டெய்லர் வரவில்லை என்றால் ஓவர்லாக் டெய்லர் அடித்துப் போடுவது அங்கேயே குவியும், அவருக்குப் பின்னால் செக்கிங்கில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அங்கே தகவல் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே வர வேண்டும். தொடங்கி அரை மணி கழித்து வந்தால் அது தகவல் இல்லை, விசாரணை. பக்கத்து லைனிலிருந்து ஆளை மாற்றிப் போட சூப்பர்வைசருக்கு அந்த முன்நேரம்தான் மூலதனம்.

செய்தியில் என்ன இருக்க வேண்டும்?

"நாளை லீவு" என்ற இரண்டு வார்த்தைச் செய்தியைப் போல் பயனற்றது வேறில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் படிப்பவருக்கு நாளை எது? எந்த நாள், என்று திரும்புவார், வேலையை யார் பார்ப்பார், எது பாதியில் நிற்கிறது, போனில் பிடிக்கலாமா என்பவை தெரிந்தால் போதும். அதிகமும் வேண்டாம், குறைவும் கூடாது. மாதிரிக்கு ஒன்று:

"19 செவ்வாய், 20 புதன் லீவு. 21 வியாழன் காலை வருவேன். இன்வாய்ஸ், இ-வே பில் இரண்டும் ஸ்டோர்ஸ் அண்ணன் போடுவார். அவரிடம் சொல்லியாச்சு. 3பி 18-ஆம் தேதியே பைல் பண்ணிடுவேன். பார்ட்டி பேமெண்ட் ரெண்டு நிலுவை, லிஸ்ட் மேனேஜர் சார்கிட்ட இருக்கு. போன் சாயங்காலம் 5 மணிக்கு மேல மட்டும்."

இதில் உயிரான வரி "அவரிடம் சொல்லியாச்சு" என்பது. தன் பெயர் பொறுப்பாளராகப் போடப்பட்டிருப்பது அந்த அண்ணனுக்கே தெரியாமல் இருக்கும் அலுவலகங்கள் ஏராளம். பொறுப்பேற்பவர் பதிலுக்கு "சரி, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு வரி போட்ட பிறகுதான் அந்த அறிவிப்பு முடிந்ததாகக் கொள்ளுங்கள். அரசு அலுவலகங்களில் விடுப்பில் போகிறவரின் பணியைக் கவனிக்க இன்னாருக்குக் 'கூடுதல் பொறுப்பு' என்று ஆணையே போடுவார்கள். கேலி செய்யப்படும் அந்தக் காகித வழக்கத்தில் விஷயம் இருக்கிறது: பொறுப்பு யாரிடம் என்பதில் அங்கே சந்தேகம் வருவதில்லை.

தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு மாதத்தின் எல்லா நாளும் ஒன்றல்ல. டி.டி.எஸ். கட்ட 7, மாதாமாதம் பைல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 போட 11, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட 15, பலருக்கு ஜிஎஸ்டிஆர்-3பி போட 20. இந்தத் தேதிகளை ஒட்டி லீவு எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடுத்தால், அந்த வேலை முடிந்ததா என்று செய்தியிலேயே இருக்கட்டும்.

எதைச் சொல்ல வேண்டாம்?

காரணத்தை. நம் ஊர் அலுவலகங்களில் லீவுக்குக் காரணம் சொல்லாமல் இருப்பது ஏதோ மரியாதைக் குறைவு மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் எல்லோருக்கும் அடிக்கடி காய்ச்சல் வருகிறது, சில தாத்தாக்கள் இரண்டு முறை இறந்துபோகிறார்கள். காரணத்தைக் கேட்க ஓரிருவருக்கு உரிமை இருக்கலாம்: லீவு கொடுக்கும் மேலாளருக்கு, சான்றிதழ் வாங்கி வைக்கும் எச்.ஆருக்கு. நாற்பது பேர் இருக்கும் குழுவுக்கு அது வேண்டியதில்லை.

கருச்சிதைவு, மனநலச் சிகிச்சை, வீட்டில் கோர்ட்டு வழக்கு, மகன் பள்ளியில் பிரச்சினை: இவற்றை யாரும் வாட்ஸ்அப்பில் போட விரும்ப மாட்டார்கள், போடச் சொல்லவும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகளே உடல்நலம், மனநலம், மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றை உணர்திறன் மிக்க தனிநபர் தகவல் என்ற வகையில் சேர்த்தன. இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்கு நோய்க் காலத்தில் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும்தான். அந்தச் சான்று போக வேண்டிய இடங்களில் டிபார்ட்மெண்ட் குரூப் கிடையாது. புகைப்படம் எடுத்து குரூப்பில் போடச் சொல்லும் சூப்பர்வைசர் இருந்தால், அந்தப் பழக்கத்தை இந்த வாரமே நிறுத்துங்கள்.

"சொந்தக் காரணம்" என்ற இரண்டு வார்த்தையை மேலாளரே தன் லீவு செய்தியில் எழுத ஆரம்பித்தால் மற்றவர்களுக்கும் தைரியம் வரும். இல்லாவிட்டால் காய்ச்சல் தொடரும்.

எங்கே சொல்வது?

தமிழ்நாட்டுச் சிறு, நடுத்தர நிறுவனங்களில் பதில் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். அதை ஒழிக்கப் பார்ப்பது வீண் வேலை. அதன் குறையைத் தெரிந்து வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். லீவு செய்தி ஒன்று வந்ததும் "டேக் கேர்", "கெட் வெல் சூன்", கும்பிடு போடும் கை என்று இருபது பதில் வரும். பத்து மணிக்கு உள்ளே வருபவர் மேலே தள்ளிப் பார்ப்பதில்லை, லீவு செய்தி அடியில் புதைந்துவிடும். அன்பு கெட்டது என்று சொல்லவில்லை. அதைத் தனிச் செய்தியில் காட்டலாம்.

வழி இது: அட்மின் மட்டுமே செய்தி போடக்கூடிய ஒரு தனி குரூப் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. லீவு சொல்பவர்கள் தங்கள் மேலாளருக்கும், டைம் ஆபீஸிலோ ரிசப்ஷனிலோ இருக்கும் ஒருவருக்கும் தெரிவிப்பார்கள். அந்த ஒருவர் காலை ஒன்பதே காலுக்கு ஒரே ஒரு செய்தி போடுவார்: இன்று இல்லாதவர்கள், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர். தாமதமாக வருபவர்களும் அதில் உண்டு. யாரும் லீவு இல்லாத நாளிலும் "இன்று எல்லோரும் உண்டு" என்று போட வேண்டும். இல்லையென்றால் செய்தி வராத நாளில், எல்லோரும் வந்திருக்கிறார்களா, செய்தி போடுபவரே லீவா என்று தெரியாது. அவருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அதே பட்டியலைத் தொழிற்கூடத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதுங்கள். செல்போனை உள்ளே விடாத இடங்களில் பலகைதான் ஒரே வழி.

கணினியில் வேலை செய்யும் குழுக்களுக்கு கூகுள் கேலண்டரோ அவுட்லுக்கோ இருக்கும். கூகுள் கேலண்டரில் 'அவுட் ஆஃப் ஆபீஸ்' என்று போட்டுவிட்டால் அந்த நேரத்து மீட்டிங் அழைப்புகளை அதுவே மறுத்துவிடும். மீட்டிங் வைப்பவருக்கு அங்கேயே விஷயம் தெரிந்துவிடும், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தானியங்கிப் பதிலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அவுட்லுக்கில் நிறுவனத்துக்குள்ளே போகும் பதிலும் வெளியே போகும் பதிலும் தனித்தனியாக எழுதலாம். வெளியே போவதில் தேதியும் மாற்று ஆளின் பெயரும் போதும். "எம்.டி. பத்து நாள் வெளிநாட்டில் இருக்கிறார், போனில் கிடைக்க மாட்டார்" என்று ஊருக்கெல்லாம் சொன்னால், அவர் பெயரில் அக்கவுண்ட்ஸுக்கு "அவசரம், இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு" என்று போலி மெயில் அனுப்பக் காத்திருப்பவனுக்கு நாமே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி.

வாட்ஸ்அப், பலகை, கேலண்டர் என்று மூன்று இடத்தில் இருந்தால் மூன்றும் ஒரு நாள் முரண்படும். எது இறுதி என்று முதலிலேயே முடிவு செய்து வையுங்கள். மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதப்படுபவை.

ஆள் வேறு, ஓடிபி வேறு

மாற்று ஆளை நியமித்தாயிற்று, அறிவித்தாயிற்று. அவர் வந்து உட்கார்ந்து வேலைக்கான இணையதளத்தில் நுழைகிறார். ஓடிபி லீவில் போனவரின் செல்லுக்குப் போகிறது. அவர் திருச்செந்தூரில் வரிசையில் நிற்கிறார், செல் பையில் இருக்கிறது, பை லாக்கரில் இருக்கிறது.

இந்தக் காலத்து அலுவலகத்தில் ஒருவர் இல்லாமல் போனால் அவரோடு அவருடைய செல் எண்ணும் போய்விடுகிறது. வங்கி, ஜிஎஸ்டி, இ-வே பில், கூரியர் தளம் என்று எல்லாம் யாரோ ஒருவரின் சொந்த எண்ணில் பதிவாகியிருக்கும், பெரும்பாலும் அந்த வேலையை முதன்முதலில் தொடங்கி வைத்தவரின் எண்ணில். இ-வே பில் தளத்தில் துணைப் பயனர் கணக்குகள் உருவாக்கிக் கொடுக்கலாம். பல வங்கிகளின் நிறுவனக் கணக்குகளில் ஒருவர் பதிவேற்ற, மற்றவர் ஒப்புதல் தருகிற ஏற்பாடு உண்டு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்பதும் பட்டியலில் வர வேண்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை இங்கே சிபாரிசு செய்யவில்லை. அது எல்லோருக்கும் பொறுப்பு கொடுத்து யாரிடமும் பொறுப்பில்லாமல் செய்துவிடும்.

பர்மிஷன் என்னும் பொத்தல்

முழுநாள் லீவு யாருக்காவது தெரிந்துவிடும். ஆளைக் காணாமல் அடிப்பது இரண்டு மணி நேர பர்மிஷன்தான். பள்ளியில் பெற்றோர் கூட்டம், ஆர்.டி.ஓ. ஆபீஸ், பேங்க், பல் டாக்டர். மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எந்த மென்பொருளிலும் பதிவு இருக்காது, பை நாற்காலியிலேயே தொங்கும். தேடுபவர் "இங்கதான் இருப்பார்" என்று காத்திருப்பார். ஓ.டி.யில் (ஆன் டூட்டி) வெளியே போகிறவரும் இந்தக் கணக்கில்தான் வருவார்.

அரசு அலுவலகங்களில் இதற்கென்று நடமாட்டப் பதிவேடு உண்டு: எங்கே, எப்போது போனார், எப்போது திரும்பினார். அவ்வளவு விவரம் தனியார் அலுவலகத்துக்கு வேண்டாம், கண்காணிக்கிற மாதிரி இருக்கும். வாசல் பலகையில் பெயருக்கு எதிரே "2 மணிக்கு வருவார்" என்று எழுதினால் தேடும் வேலை தீர்ந்தது.

சொல்லாமல் வராதவர்

திடீர் லீவுக்கு விதி எளிமையாக இருக்கட்டும்: வேலை தொடங்கும் முன் ஒரு போன், எடுக்காவிட்டால் ஒரு செய்தி. பேச முடியாத நிலையில் இருப்பவருக்காக மனைவியோ கணவரோ அறைத்தோழரோ சொன்னாலும் செல்லும். "அவரே பேசணும்" என்று அடம்பிடிக்கும் மேலாளர்கள் 108-இல் போய்க்கொண்டிருப்பவரிடமும் அதையே கேட்பார்கள் போலிருக்கிறது.

ஒரு தகவலும் இல்லாமல் ஒருவர் வரவில்லை என்றால்? தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் யாராவது கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், அந்த யாராவது யார் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கூப்பிட்டதும் முதல் வார்த்தை "ஏன் வரலை?" என்று இருக்கக் கூடாது. "நல்லா இருக்கீங்களா?" என்று இருக்கட்டும். எடுக்கவில்லை என்றால், அவசரத்துக்கு என்று எழுதிக் கொடுத்த இன்னொரு எண். அதுவும் இல்லை என்றால், பக்கத்தில் குடியிருக்கும் சக ஊழியரை அனுப்புங்கள். ஹாஸ்டலிலும் தனி அறையிலும் தங்கி வேலை பார்ப்பவர்கள் சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் ஏராளம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்களும் அதில் சேர்த்தி. அவர்கள் வரவில்லை என்பதை முதலில் கவனிக்கப்போவது வீட்டில் யாருமில்லை, வேலை செய்யும் இடம்தான். அந்த அவசர எண்ணை வேலையில் சேர்ந்த அன்று எழுதி வாங்கி அப்படியே விட்டுவிடாமல், ஆண்டுக்கு ஒரு முறை சரிபாருங்கள்.

எல்லோரும் ஒரே நாளில்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லீவு கேட்காத ஆளில்லை. இதில் பல நிறுவனங்கள் செய்யும் தப்பு, பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்பு லீவுப் பட்டியலைத் திறப்பது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. அதாவது பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் நவம்பர் நடுவிலேயே டிக்கெட் போட்டுவிடுகிறார், நீங்கள் டிசம்பர் கடைசியில் கூப்பிட்டு "எல்லோரும் போக முடியாதுப்பா" என்கிறீர்கள். முன்பதிவு திறப்பதற்குப் பத்து நாள் முன்பாவது குழுக்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு துறையிலும் யார் இருப்பார்கள் என்று பேசி முடித்துவிட வேண்டும். போன முறை இருந்தவருக்கு இந்த முறை முதல் உரிமை. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர், ரம்ஜானுக்கு ஊருக்குப் போகிறவர், ஈஸ்டருக்கு வேளாங்கண்ணி போகிறவர் ஆகியோரின் நாள்களையும் அதே மேஜையில் வைத்துப் பேசினால் பிறகு மனக்கசப்பு இராது.

பண்டிகையைவிட ஏமாற்றுவது சக ஊழியர் கல்யாணம். அக்கவுண்ட்ஸ் பையனுக்குக் காரைக்குடியில் முகூர்த்தம் என்றால் அக்கவுண்ட்ஸ் முழுவதும் வேன் ஏறிவிடும். ஒவ்வொருவர் லீவும் தனித்தனியாக நியாயமானது, சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. துறைவாரியாக எண்ணும் ஒரு பட்டியல் இருந்தால் இது பத்து நாள் முன்பே கண்ணில் படும்.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வேலை செய்யும் குழுக்கள், ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுமுறைப் பட்டியலை அவர்களுக்கு அனுப்பிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் வேறு ஐந்து நாள்களும் விடுமுறை. தேதியோடு எந்த ஊர் நேரம் என்றும் எழுதுங்கள். நியூயார்க்கில் திங்கள் மாலை என்பது இங்கே செவ்வாய் விடியற்காலை.

புயல் நாளுக்கு இந்த முறை எல்லாம் தலைகீழ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல் சிக்னலும் இல்லை. வர முடியாதவரால் வர முடியவில்லை என்று சொல்லவும் முடியாது. அப்படிப்பட்ட நாளில் இல்லாதவர் பட்டியலைக் கைவிட்டு, பத்திரமாக இருக்கிறோம் என்று தகவல் தந்தவர் பட்டியலைப் போடுங்கள், அதில் இல்லாத பெயர்களைத் தேடுங்கள். வெள்ளத்தில் சிக்காத வேறு ஊர்க் கிளையில் ஒருவர் அந்தப் பட்டியலை வைத்துக்கொள்வது நல்லது.

திரும்பி வரும் நாள்

நீண்ட விடுப்பில் இதுதான் பெரிய வேலை. மகப்பேறு விடுப்பு 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் (ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12). அரை ஆண்டில் வாடிக்கையாளர் மாறியிருப்பார், குரூப் மாறியிருக்கும், பாஸ்வேர்டு மாறியிருக்கும். அவர் வரும் தேதியை ஒரு வாரம் முன்பே எல்லாத் துறைக்கும் சொல்லுங்கள். எந்த வேலை அவரிடம் திரும்பப் போகிறது, எது மாற்று ஆளிடமே நிற்கப்போகிறது என்பதையும் அதிலேயே தெளிவாக எழுதுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், வந்தவர் தன் வேலை பறிபோனதாக நினைப்பார், பார்த்துக்கொண்டிருந்தவர் இன்னும் தன்னுடையது என்று நினைப்பார்.

இரண்டு நாள் லீவுக்கு இத்தனை வேண்டாம். காலையில் வந்ததும் தானியங்கிப் பதிலை நிறுத்துவது, பலகையில் பெயரை அழிப்பது, பொறுப்பில் இருந்தவரிடம் போய் ஐந்து நிமிடம் நின்று "என்னண்ணா, என்னல்லாம் நடந்துச்சு?" என்று கேட்பது. லீவில் கிடந்த மெயில்களைத் திறப்பது அதற்குப் பிறகு. அவற்றில் பாதிக்கு அந்த அண்ணன் ஏற்கெனவே பதில் போட்டிருப்பார்.